சின்னச் சத்தம்

பயிற்சியின் முதல் நாளிலேயே அவள் ஒரு மிதிவெடியைக் 'கண்டுபிடித்து'விட்டாள்.

கையில் டிடெக்டர். அதன் வட்டத் தலையை மணலுக்கு மேலே இடமிருந்து வலமாக மெதுவாகக் கொண்டு போகிறாள். ஓரிடத்தில் 'கீய்' என்று சத்தம். குறி வைப்பதற்காக இடது கையை நீட்டினாள். சத்தம் இன்னும் பெரிதானது. கையை எடுத்தால் குறைந்தது. மறுபடி நீட்டினால் வேறு இடத்தில் கத்தியது. நாலு தரம் குறி வைத்தாள். நாலும் நாலு இடத்தில் இருந்தன. வியர்த்து ஊற்றியது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் அண்ணை நிதானமாகச் சொன்னார்: "மோதிரத்தைக் கழட்டும் தங்கச்சி."

கூட இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். மண்ணுக்குள் இருப்பதைக் கேட்க வேண்டுமென்றால், முதலில் தன் மேல் இருக்கும் சத்தத்தைக் கழற்றி வைக்க வேண்டும். அன்றைய பாடம் அதுதான். மோதிரம், காப்பு, கொண்டை ஊசி, கைக்கடிகாரம் எல்லாம் பைக்குள் போயின.

இந்தத் தவறைச் செய்த முதல் ஆள் அவள் இல்லை. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியோடு வெள்ளை மாளிகைக்கே போனார். குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த உலோகச் சுருள்கள் குழப்பியது ஒரு காரணம். குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று டாக்டர் உறுதியாக நம்பியதால், அந்தப் பக்கத்தையே தேடியது இன்னொரு காரணம். குண்டு இருந்தது இடது பக்கம். கார்ஃபீல்ட் அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார்.

கருவி பொய் சொல்லாது. ஆனால் கேட்பவர் முன்கூட்டியே ஒரு முடிவோடு இருந்தால், அதனால் எதுவும் செய்ய முடியாது.

அவள் வேலைக்குச் சேர்ந்த இடம் முகமாலை. இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலையில், பளையைத் தாண்டி இருக்கிறது. 2000 முதல் 2008 வரை ராணுவமும் புலிகளும் எதிரெதிரே காவலரண் போட்டு நின்ற எல்லை அது. இரண்டு பக்கமும் மிதிவெடிகளைப் புதைத்தன. ஊர்ச் சனம் அதற்கு முன்பே வீட்டையும் கிணற்றையும் பனைகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. 2009-ல் போர் முடிந்தது. எறிகணை பட்டுத் தலை இழந்த பனைகள் மொட்டையாக நின்றன. புதைத்தவை புதைத்த இடத்திலேயே கிடந்தன.

அவளுடைய குடும்பத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு துண்டுக் காணி இருந்தது.

2002-ல் போர்நிறுத்தம் வந்தது. அந்தக் காலத்தை அங்கே இன்றைக்கும் 'சமாதான காலம்' என்றுதான் சொல்வார்கள். பாதை திறந்ததும், வளவு எப்படி இருக்கிறது என்று ஒரு எட்டுப் பார்த்து வரப் போனார் அப்பா. திரும்பி வரும்போது அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அப்போது அவள் பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளை.

ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கப் பழகினார். பனையோலையில் கடகமும் பெட்டியும் இழைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசுவதில்லை. பேச்செல்லாம் அம்மாவுடையது. பண முட்டுப்பாடு வரும்போதும், மழை நாளில் கால் உளைகிறது என்று அவர் முனகும்போதும் அம்மா அதையே சொல்வாள்: "கண்ணைத் திறந்து பாத்து நடந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமே?"

கோபம் இல்லை அது. பழகிப்போன ஒரு புலம்பல். அப்பா பதில் சொல்ல மாட்டார். ஓலையைக் கீறிக்கொண்டே இருப்பார்.

கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் பெயர் கொடுத்தபோது, அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. "ஒரு வீட்டில ஒரு கால் போனது போதாதோ?" என்று கத்தினாள். மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை அந்தப் பக்கத்தில் வேறு பெரிதாக இல்லை. மகனின் படிப்பு இருந்தது, வீட்டுக் கடன் இருந்தது. அவளைப் போலவே சம்பளத்துக்காக வந்த பெண்கள் அங்கே நிறையப் பேர். அவர்களில் பலர் போரில் கணவனை இழந்தவர்கள்.

அப்பா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பயிற்சியில் கருவியின் கதையையும் சொன்னார்கள். டிடெக்டரின் தலைக்குள் இருப்பது கம்பிச் சுருள். அதில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது கீழே ஒரு காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால், அதற்குள்ளும் சிறிய மின்னோட்டம் சுழல்கிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதில்தான் காதில் சத்தமாகக் கேட்கிறது. கையில் தூக்கித் திரிந்து கண்ணிவெடி தேடக்கூடிய கருவி ஒன்றைச் செய்தவர் யோசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்துப் படை அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் இருந்தபோது வடிவமைத்தார். காப்புரிமை எதுவும் கோராமல் பிரிட்டன் ராணுவத்திடம் கொடுத்துவிட்டார். 1942-ல் எகிப்தின் எல் அலமைன் பாலைவனத்தில் கண்ணிவெடி வயல்களுக்கு நடுவே வழி திறக்க அது உதவியது.

கருவிக்கு ஒரு குறை உண்டு. அதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார் அண்ணை.

"மெசின் சொல்லுறது ஒண்டே ஒண்டுதான். உலோகம் கிடக்கு எண்டு. என்ன உலோகம் எண்டு அதுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கண்ணால காணுமட்டும் எல்லாம் மிதிவெடிதான்."

பிரிட்டனில் இதே வகைக் கருவியை வைத்துக்கொண்டு வயல்களில் பழைய காசு தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. 1992-ல் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் என்பவருக்கு, சுமார் 15,000 ரோமானிய நாணயங்கள் கொண்ட புதையல் கிடைத்தது. அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். எல்லாவற்றையும் தானே வாரி எடுக்காமல், தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். சுத்தியலும் கிடைத்தது. இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அப்படித் தேடுபவர்களின் கருவிகளில் ஒரு வசதி உண்டு. இது ஆணியாக இருக்கலாம், இது வெள்ளியாக இருக்கலாம் என்று எண்ணிலோ சத்தத்திலோ ஓர் ஊகம் காட்டும். ஆணி என்றால் தாண்டிப் போய்விடலாம். ஊகம் தவறினால் போவது ஒரு காசு. முகமாலையில் அப்படித் தாண்டிப் போக முடியாது. ஆணி போலக் கேட்பது வெடியின் ஊசியாக இருக்கலாம். அங்கே ஊகம் தவறினால் போவது, பின்னால் ஒரு நாள் அந்த வழியாக நடக்கப் போகிறவரின் கால்.

அதிலும் பெரிய சத்தம் பெரிய ஆபத்து என்று நினைப்பது புதிதாக வருகிறவர்களின் தப்புக் கணக்கு. எறிகணைச் சிதறல், முள்கம்பி, துப்பாக்கிச் சன்னத்தின் கோது, டின் மூடி எல்லாம் காது கிழியக் கத்தும். அங்கே அதிகம் கிடைத்த பி4 என்ற மிதிவெடியோ உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. அதில் உலோகம் என்று இருப்பது மிகக் கொஞ்சம். அது கத்தாது, முணுமுணுக்கும்.

சத்தம் வரும் புள்ளியைப் பிடிப்பதுதான் வேலையின் உயிர். தொடக்கத்தில் அவள் சத்தம் எங்கே பெரிதாகக் கேட்கிறது என்று தேடினாள். அண்ணை திருத்தினார்.

"எங்க பெரிசாக் கேக்குது எண்டு பாக்காதேயும். எங்க தொடங்குது எண்டு பாரும்."

இடமிருந்து மெதுவாக வரவேண்டும். சத்தம் தொடங்கும் இடத்தை மனதில் குறிக்க வேண்டும். பிறகு வலமிருந்து. பிறகு தன் பக்கத்திலிருந்து முன்னோக்கி. தொடங்கும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது பொருள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே புள்ளியில் வந்து நின்றால் சின்னத் துண்டு. ஒரு திசையில் மட்டும் சத்தம் நீண்டுகொண்டே போனால் கம்பியாக இருக்கலாம். தலையைச் சற்று உயர்த்தியதும் சத்தம் சட்டென்று அறுந்தால் மேலாகக் கிடக்கும் சின்னப் பொருள். மெல்ல மெல்லக் குறைந்தால் ஆழத்தில் கிடக்கும் பெரிய பொருள். இதெல்லாம் தெரிந்துகொள்ளத்தான். எதை நினைத்தாலும் தோண்டும் முறை மட்டும் மாறாது.

தோண்டுவது புள்ளிக்கு நேர் மேலே இல்லை. ஒரு சாண் பின்தள்ளித் தொடங்கி, குழியை ஆழமாக்கி, பிறகு பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற வேண்டும். மிதிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும். ஆகவே அதன் தலையைத் தொடாமல் விலாவைத்தான் தொட வேண்டும். விலா தெரிந்ததும் கை நிற்க வேண்டும். குறி வைத்து, பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. எந்தப் பொருளை எடுத்தாலும், எடுத்த குழியைக் கருவியால் மறுபடி கேட்க வேண்டும். பெரிய உலோகத்தின் சத்தம் பக்கத்தில் இருக்கும் சின்ன உலோகத்தின் சத்தத்தை மூடிவிடும். பெரியதை எடுத்த பிறகுதான் சின்னது பேசும்.

அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதன் அர்த்தம் புரிய எட்டு மாதம் ஆனது.

அந்த எட்டு மாதமும் ஒரே மாதிரிதான். விடியும் முன்பே எழும்பிச் சமையல். வேலை இடத்தில் கனத்த அங்கியும் முகக் கவசமும். வேலை தொடங்கும் முன், மண்ணில் புதைத்து வைத்த சோதனைத் துண்டின் மேல் கருவியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கத்தாத கருவி அன்றைக்கு வேலைக்கு உதவாது. பிறகு ஒரு மீட்டர் அகலமுள்ள அவளது பாதை. முன்னால் குறுக்கே ஒரு கட்டை கிடக்கும். கட்டைக்கு இந்தப் பக்கம் சுத்தம். அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாத மண். புல்லைக் கத்தரித்து, கருவியால் கேட்டு, சத்தம் வந்தால் தோண்டி, எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே கட்டையை ஒரு துளி முன்னே நகர்த்தலாம். சில நாள் முழுக்க உழைத்தும் பாய் விரிக்கும் அளவு நிலம்தான் முடிந்திருக்கும்.

அன்றைக்கு வந்த சத்தம் பெரியது. அண்ணை சொன்ன மாதிரியே சுற்றிச் சுற்றி வந்து புள்ளியைப் பிடித்தாள். ஒரு சாண் பின்தள்ளித் தோண்டினாள். முக்கால் மணி நேரம் கழித்து மஞ்சளாக ஒரு வளைவு தெரிந்தது. மண்ணைத் தூரிகையால் தட்டியதும், பக்கவாட்டில் நீண்ட ஒரு மூக்கு.

மூக்குப்பேணி.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதற்கு மூக்கு வைத்த பித்தளைப் பேணி இருக்கும். அவளுடைய அம்மம்மாவிடமும் ஒன்று இருந்தது. அதில்தான் அவளுக்குப் பால் தருவார். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இது அதுவாக இருக்க முடியாது; அவர்களின் காணி இருந்தது வேறு பக்கம். ஆனாலும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகக் கவசத்துக்குள் கையை விட்டுக் கண்ணைத் துடைக்கவும் முடியாது. பேணியை ஓரமாக வைத்தாள். யாரோ ஒரு வீட்டின் அடுப்படி இங்கே இருந்திருக்கிறது. தண்ணீர் குடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடித் திரிந்திருக்கிறார்கள்.

கை தன்னையறியாமல் கட்டையை முன்னே தள்ளப் போனது.

அப்போது கொப்பியில் எழுதிய வரி ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள். கருவியை எடுத்து, காலியான குழியின் மேல் மெதுவாகக் கொண்டு போனாள். நடுவில் ஒன்றும் இல்லை. வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது விளிம்பில், நுளம்பு காதோரம் பறப்பது போல, ஒரு சின்னச் சத்தம்.

மறுபடி கேட்டாள். இருந்தது.

ஒரு சாண் பின்தள்ளி மறுபடி தொடங்கினாள். இந்த முறை கண் கலங்கவில்லை. பக்கவாட்டு மண் உதிர்ந்தபோது பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு மண். மண்ணுக்கு மேலே புல். கையை எடுத்தாள். குறி வைத்தாள். பின்னால் நகர்ந்து, "அக்கா!" என்று கூப்பிட்டாள். பொறுப்பாளர் அக்கா வந்து பார்த்து, தலையை ஆட்டினார்.

பின்னேரம் எல்லோரும் விலகிய பிறகு அதை அங்கேயே வெடிக்க வைத்தார்கள். மூக்குப்பேணியைக் கொட்டிலில் ஒரு பக்கம் வைத்தார்கள். என்றைக்காவது காணிக்காரர் வந்தால் காட்டலாம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வழக்கம்போலத் தொடங்கிவிட்டாள். "வெடிச் சத்தம் கேட்டது. நீ நிண்ட பக்கமோ? எத்தினை தரம் சொல்லுறன், இந்த வேலை வேண்டாமெண்டு..."

எட்டு மாதமாக இதற்குத்தான் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. உடம்பு கழுவிவிட்டு வந்து விறாந்தையில் உட்கார்ந்தாள். அம்மா பேசிப் பேசி ஓய்ந்து அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் ஓலை கீறும் சத்தம் மட்டும் இருந்தது.

அப்பா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எவ்வளவு ஆழத்தில கிடந்தது பிள்ளை?"

அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. வேலையைப் பற்றி மட்டும் இல்லை, அந்த நாளைப் பற்றியும் அவர் வாய் திறந்து அவள் கேட்டதில்லை.

ஒரு விரலைக் குறுக்காகப் பிடித்துக் காட்டினாள். "இவ்வளவுதான் அப்பா. மேல புல்லும் முளைச்சிருந்தது."

"கண்ணுக்குத் தெரியாதோ?"

"தெரியாது. மெசினுக்கே மெல்லிசாத்தான் கேட்டது. பக்கத்தில கிடந்த பேணியை எடுத்திராட்டி அதுவும் கேட்டிராது."

அப்பாவின் கை ஓலையில் நின்றது. "அப்ப... பாத்து நடந்திருந்தாலும்..."

"பாத்து நடந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது அப்பா. ஆருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடகத்தைப் பக்கத்தில் வைத்தார். இத்தனை வருஷமும் அம்மாவின் குரலுக்கு அடியில் அவர் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் கேட்டது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். முதலில் அப்பாவின் கையில் கொடுத்தாள். பழைய புலம்பல் அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

இலங்கை 2017 டிசம்பரில், கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. புதைத்தவற்றை எடுக்கும் வேலை அதற்கும் பல வருஷம் முன்பே தொடங்கியது. கட்டை கட்டையாக, சாண் சாணாக அது நடக்கிறது. சுத்தமான காணிகளுக்குச் சனம் திரும்பி வந்து கிணறு இறைத்து, தென்னை வைக்கிறது.

மறுநாள் விடியும் முன் அவள் புறப்பட்டபோது, வாசலில் அம்மா நின்றாள். வேலையை விடச் சொல்லவில்லை.

"மோதிரத்தைக் கழட்டிட்டியோ?"

அவள் மறந்திருந்தாள். கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வாகனம் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.